நேரக்காப்பாளர் போட்ட வழித்தடம்

என் அக்கா மலர்க்கொடியின் வீட்டுக்காரர் தேவநாதன், கடலூர் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று குறித்து, விசில் ஊதி அனுப்பி வைக்கிற வேலை. இருபத்தாறு வருடமாக அதே மேசை, அதே நாற்காலி. டீ குடிக்கப் போன டிரைவர் ஒரு நிமிடம் பிந்தி வந்தால் போதும், மனுஷன் பிடித்துக்கொள்வார். "ஒரு நிமிஷந்தானேன்னு சொல்லாதய்யா. உள்ள அறுவது பேரு உக்காந்திருக்கான். அறுவது நிமிஷம் அது" என்பார். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத டிரைவர், கண்டக்டர் அந்த டிப்போவில் கிடையாது.

இப்படி ஊரையெல்லாம் பஸ் ஏற்றி அனுப்புகிறவருக்குத் தான் பஸ்ஸில் ஏறினால் ஆகாது. சிரிக்காதீர்கள், உங்கள் பங்குக்கும் சேர்த்து நானே சிரித்து முடித்துவிட்டேன். வண்டி இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் முகம் வெளுத்து, வியர்த்து, குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. காரும் அப்படித்தான், ஆட்டோவும் அப்படித்தான். என் டிவிஎஸ் ஃபிப்டியில் பின்னால் உட்கார்ந்தால்கூடத் தலை சுற்றும். கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்குத் திருவந்திபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வரக் கார் பிடித்து வைத்திருந்தோம். மாப்பிள்ளை பெண்ணைக் காரில் ஏற்றிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளில் பின்னாலேயே வந்து சேர்ந்தார். தானே மிதிக்கிற சைக்கிளும், தண்டவாளத்தில் ஓடுகிற ரயிலும்தான் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்.

அதனால்தான் அவர் மகள் இசைவாணிக்குச் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் பாட்டுப் படிக்க இடம் கிடைத்தபோது ஒரு கவலையும் இல்லாமல் அனுப்பி வைத்தார். ரயில் இருக்கிறது, மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று கணக்கு. அவள் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அகலப்பாதை போடுகிறோம் என்று அந்த வழியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாகியும் புதுசு ஓடவில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மகளின் வகுப்பறையை இந்த மனிதர் ஒருமுறைகூடப் பார்த்தது கிடையாது.

வீட்டுக்கு வரும்போது பாடச் சொல்லிக் கேட்கலாமே என்பீர்கள். அவள் லீவுக்கு வருகிற இரண்டு நாளும் இவர் டூட்டியில் இருப்பார். காலையில் அவள் சாதகம் பண்ணுகிற நேரம் இவர் பஸ் நிலையத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பார். கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும்போது அவள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

2008 டிசம்பரில் ஒரு நாள் வாணி போன் செய்தாள். ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, கடைசி வருடப் பிள்ளைகளுக்கு மேடை. ஆளுக்கு அரை மணி நேரம். "எனக்கு நாலு மணியிலேர்ந்து நாலரை வரைக்கும்பா. முடிஞ்சா வா" என்றாள்.

அந்த 'முடிஞ்சா' மாமாவைப் போட்டு அறுத்துவிட்டது. இதுவரை அவள் எதற்கும் அவரைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அப்பா சங்கடப்படுவார் என்று தெரிந்தே கூப்பிடாமல் இருந்த பெண். இப்போது கூப்பிட்டுவிட்டு, தப்பித்துக்கொள்ள ஒரு வழியையும் அவளே திறந்து வைத்திருக்கிறாள். அன்று ராத்திரி மாமா சாப்பிடவில்லை என்று அக்கா சொன்னாள். மறுநாள் காலை மஞ்சக்குப்பத்தில் இருக்கிற என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தார்.

"மச்சான், மாவட்ட மேப் ஒண்ணு பெருசா எடுத்துக் குடு. கடலோரம் மட்டும் போதும்."

"எதுக்கு மாமா?"

"சைக்கிள்ல போறேன்."

"சிதம்பரத்துக்கா? ரோட்லயே போலாமே. அதுக்கு எதுக்குக் கடலோரம்?"

போன வருடம் ரோட்டில் ஒருமுறை கிளம்பிப் பார்த்தாராம். எங்களிடம் சொல்லவே இல்லை. ஆலப்பாக்கம் போவதற்குள் ஐந்து பஸ் நின்றுவிட்டது. டைம் கீப்பர் சார் சைக்கிளில் போகிறார் என்று டிரைவர்கள் ஓரங்கட்டி, இறங்கி, என்ன சார் ஏது சார் என்று விசாரித்திருக்கிறார்கள். "ஒவ்வொரு வண்டியும் மூணு நிமிஷம் லேட்டு. என்னால சர்வீஸ் கெட்டுச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கினு நாளைக்கு விசில் ஊதறது?" என்று கேட்டார். அதனால் திரும்பி வந்துவிட்டாராம். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது திட்டம். கல்யாண மண்டபம் பிடிக்கக்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார். சுனாமிக்குப் பிறகு கடலோரம் முழுக்கச் சவுக்கு நட்டிருந்தார்கள். இப்போது வளர்ந்து, இடையிடையே ஊர்களை விட்டுவிட்டு, பரங்கிப்பேட்டை வரை பச்சையாகப் போகிறது, உள்ளே ஒத்தையடிப் பாதை இருக்கிறது என்று அந்தப் பக்கத்து டிரைவர்கள் சொன்னார்கள். மணலில் சைக்கிள் புதையாதா என்று கேட்டால், சவுக்குச் சருகு விழுந்து மெத்தை மாதிரி இறுகிக் கிடக்கிறது, புதையாது என்றார்கள். மாமா நம்பவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்த் துண்டு துண்டாக ஓட்டிப் பார்த்தார். தார் ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம், சருகில் ஏழு, வெறும் மணலில் தள்ளிக்கொண்டு போனால் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு வந்தார்.

கடைசியில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். அசல் பஸ் அட்டவணை. காலை ஐந்து மணிக்குக் கடலூர் புறப்பாடு. தியாகவல்லி, அய்யம்பேட்டை, சாமியார்பேட்டை, பரங்கிப்பேட்டை. அங்கே வெள்ளாற்றைப் படகில் தாண்டி முழுக்குத்துறை. பிறகு கிள்ளை. இரண்டு பத்துக்குச் சிதம்பரம். பஞ்சருக்கு என்று இருபது நிமிடம். மூன்று ஊரில் தண்ணீர் குடிக்கப் பத்துப் பத்து நிமிடம், ஏனென்றால் அந்த ஊர்களில் அவருடைய டிப்போ ஆட்களின் வீடுகள் இருந்தன. படகில் வாந்தி வந்தால் என்ன செய்வீர்கள் என்று மடக்கினேன். "படகுக்காரரண்ட பேசிட்டேன். துடுப்பு நான்தான் போடுவேன்" என்றார்.

நான் அந்தத் தாளைப் பத்துப் பிரதி எடுத்து ஊரெல்லாம் காட்டிச் சிரித்தேன். அதற்கு எனக்குத் தண்டனை கிடைத்தது. "நீயும் கூடப் போடா கதிரு. வழியில எங்கனா வுழுந்து கெடந்தா சேதி சொல்ல ஆள் வேணும்" என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டாள். அவள் மட்டும் மத்தியானம் சொகுசாக பஸ்ஸில் வருவாளாம். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது, தொப்பை தனி. மாமாவுக்கு ஐம்பத்து மூன்று.

கிளம்பிய அன்று பனி. சிப்காட் ரசாயன ஆலைகளைத் தாண்டும் வரை மூக்கைப் பொத்திக்கொண்டு மிதித்தேன், வாயால் மாமாவைத் திட்டிக்கொண்டே. பிறகு இடது பக்கம் திரும்பி உப்பனாற்றுப் பாலத்தில் ஏறியபோது கிழக்கு வெளுத்திருந்தது. கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. மாமா கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு நிமிஷம் முந்திக்கினோம்" என்றார். அப்படிச் சந்தோஷமாக அவர் முகத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

தியாகவல்லியில் டிரைவர் உத்திராபதியின் வீடு. ஆள் டூட்டிக்குப் போய்விட்டார், அவர் சம்சாரம்தான் இருந்தாள். தண்ணீர் கேட்டோம். இலை போட்டிருந்தது. ஆவி பறக்க இட்லி, வேர்க்கடலைச் சட்னி, ஒரு தட்டு நிறைய வறுத்த முந்திரி. "டைம் இல்லம்மா" என்றார் மாமா. அந்த அம்மா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. "மொதல்ல உக்காருங்கண்ணா. உங்கள நான் பாத்ததே இல்ல, ஆனா பதினஞ்சு வருசமா உங்களத் தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தேன். செல்போன் இல்லாத காலத்தில், உத்திராபதியின் வண்டி வழியில் நின்றுபோய் வர நேரமாகும் என்று தெரிந்தால், மாமா அடுத்து அந்தப் பக்கம் போகிற டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாராம். 'வண்டி பண்ருட்டியில் ரிப்பேர். ஆளுக்கு ஒன்றும் இல்லை. வர ராத்திரி பதினொன்றாகும். காத்திருக்காமல் சாப்பிட்டுத் தூங்கச் சொல்லு.' அந்த டிரைவர் முக்கு ரோட்டில் டீக்கடையில் சொல்ல, டீக்கடைக்காரர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. எந்த வண்டி எப்போது பிந்தினாலும்.

"இதெல்லாம் எங்கள்ட்ட சொன்னதே இல்லையே மாமா?" என்றேன் வெளியே வந்து.

"என்னத்தச் சொல்றது? லேட்டுன்னா எவ்ளோ லேட்டுன்னு சொல்லணும். அதுவும் டூட்டிதான்" என்றார். தாளில் ஏதோ எழுதினார். இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

ஊரைத் தாண்டியதும் சவுக்குக்குள் நுழைந்தோம். அந்த இடத்தை எப்படிச் சொல்வது? இந்தப் பக்கம் எனக்குப் புதிதில்லை. அலை வந்த மறு வாரம் நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு இதே வழியில் வந்திருக்கிறேன். அப்போது வெறும் மணலும், கவிழ்ந்த படகும், ஒற்றைச் செருப்புகளும்தான் இருந்தன. அந்த மணலில் இப்போது இருபதடி, இருபத்தைந்தடி உயரத்துக்கு மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. சக்கரம் சருகில் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. மேலே மட்டும் ஓயாமல் ஓர் இரைச்சல். அது காற்றா, இடது பக்கம் இருக்கிற கடலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. வரிசைகளுக்கு நடுவே வெயில் கோடு கோடாக விழுந்து, நாங்கள் போகப்போக ஒவ்வொரு சந்திலும் கடல் ஒரு கணம் நீலமாகத் தெரிந்து மறைந்தது. நான் வாய் ஓயாத ஆள். கடையில் மிஷின் சத்தத்தையும் மீறிப் பேசுகிறவன். அன்று ஒரு மணி நேரம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓர் இடத்தில் இரண்டு பெண்கள் சருகு வாரிக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் யார் நட்டது என்று மாமா சைக்கிளை நிறுத்திக் கேட்டார். அவர் வழியில் தானாக நின்றது அந்த ஒரு முறைதான்.

"நாங்கதான். கூலிக்கு நட்டோம். கொடத்துல தண்ணி மோந்து ஊத்துனோம். மொதல்ல இதெல்லாம் எங்க நிக்கப் போவுதுன்னுதான் நெனச்சோம்" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டு நிமிர்ந்து, தன் மரங்களைத் தானே ஒரு தடவை பார்த்தாள். மாமா அவளை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கும் கும்பிடத் தோன்றியது. வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்.

அய்யம்பேட்டையில் ஒரு வீடு என்று தாளில் இருந்தது. போனால் மூன்று வீடு. அந்த ஊரில் மூன்று கண்டக்டர்களாம். ஒரு வீட்டில் குடித்துவிட்டு அடுத்த வீட்டில் குடிக்காமல் போனால் அது என்ன மரியாதை? பால், பணியாரம், இளநீர். மூன்று வீட்டிலும் அதே பேச்சு: சொல்லி அனுப்பினாரே, சொல்லி அனுப்பினாரே. மாமா ஒவ்வொரு வீட்டிலும் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். டிரைவர்களை ஒரு நிமிடம் நிற்க விடாதவரை அவர்கள் வீட்டுப் பெண்கள் நாற்பது நிமிடம் நிற்க வைத்தார்கள்.

சாமியார்பேட்டையில்தான் மாட்டிக்கொண்டோம். கண்டக்டர் கண்ணாயிரம் வீடு. அவர் சம்சாரம் ரத்தினம்மாள் விடியற்காலையே கரைக்குப் போய்ப் பெரிய வஞ்சிரமாக வாங்கி வந்து குழம்பு வைத்து, வறுத்து, சோறு வடித்து வைத்திருந்தாள். மாமா இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு நெளிந்தார். அன்று சனிக்கிழமை. திருவந்திபுரத்துத் தேவநாதப் பெருமாள் பேரை வைத்துக்கொண்டு அவர் சனிக்கிழமை கவுச்சி தொடுவதில்லை. நிமிடம் நிமிடமாகக் கணக்குப் போட்டவர், இதைச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டார். ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பியவர் இதை மட்டும் சொல்லி அனுப்பவில்லை.

"மோர் இருந்தா போதும்மா, ஊத்திக்கினு கெளம்பறேன்" என்றார்.

ரத்தினம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அலை வந்த அன்னிக்கு நான் புள்ளைங்களத் தூக்கிக்கினு மேட்டுல நிக்கிறேன். இந்த மனுசன் எங்க போனாரு, என்ன ஆனாருன்னு தெரியாது. அன்னிக்குச் சாயந்தரம் ஒரு டிரைவரு தேடிக்கினு வந்து, 'டைம் கீப்பர் சொல்லச் சொன்னாரு, கண்ணாயிரம் விருத்தாசலத்துல இருக்காரு, உசுரோட இருக்காரு'ன்னு சொன்னாரு. அந்தச் சொல்லு வந்தப்புறந்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. உங்களுக்கு நான் மோரு ஊத்தி அனுப்பணுமா?" என்று கேட்டாள்.

மாமா இலை முன்னால் மறுபடியும் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் பக்கத்து வீட்டில் கத்திரிக்காய் வாங்கி, புதுப் பானை எடுத்து, பருப்பு வேக வைத்து, சாம்பார் வைத்தாள். எனக்கு மட்டும் வஞ்சிரம் போட்டாள். அந்த ருசியை இன்னும் மறக்கவில்லை. எதிரே மாமா கடிகாரத்தைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்தபோது மொத்தம் இரண்டரை மணி நேரம் பிந்தியிருந்தோம். பஞ்சருக்கு ஒதுக்கிய இருபது நிமிடம் அப்படியே இருந்தது, பஞ்சரே ஆகவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு நிமிடமும் ஒதுக்கவில்லை. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எவனாவது இப்படி ஒரு திட்டம் போடுவானா?

"எதுனா சொல்லித் தப்பிச்சிருக்கலாமே மாமா" என்று எரிந்து விழுந்தேன்.

"அந்தம்மாகிட்டயா?" என்றார். சைக்கிளில் ஏறிவிட்டார்.

பரங்கிப்பேட்டை வரை வெறிபிடித்த மாதிரி மிதித்தார். எனக்குத் தொடை பிடித்துக்கொண்டது. அவர் திரும்பியே பார்க்கவில்லை. படகில் சைக்கிள்களைப் படுக்க வைத்து, துடுப்பை வாங்கிக்கொண்டார். வெள்ளாறு அங்கே ஆறு மாதிரியே இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை ஒரு கோடாகத்தான் தெரிந்தது. முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் முட்டிக்கொண்டு வெள்ளையாகப் பொங்கின. அதன் மேல் நூற்றுக்கணக்கில் பறவைகள் எழுந்து, வானத்தில் ஒரு வட்டம் போட்டு, மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தன. படகுக்காரருக்கு அது தினசரிக் காட்சி, பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்து பார்த்தேன். மாமாவும் ஒரு நிமிடம் துடுப்பை நிறுத்தினார். "இவ்ளோ பெருசு பக்கத்துலயே இருந்திருக்கு மச்சான்" என்றார். உடனே மறுபடியும் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டார்.

கிள்ளைக்கு வந்தபோது மணி மூன்று பதினைந்து. தாளைப் பார்க்காமலே எனக்குக் கணக்குத் தெரிந்தது. அங்கிருந்து சிதம்பரத்துக்கு, கடைசியில் கால் ஓய்ந்திருக்கும் என்று கிலோமீட்டருக்கு ஆறரை வீதம், எண்பத்தைந்து நிமிடம் போட்டிருந்தார். போய்ச் சேர நாலு நாற்பது ஆகும். வாணிக்கு நாலரைக்கு முடிந்துவிடும்.

மாமா சைக்கிளைப் பிடித்தபடி நடுரோட்டில் நின்றார். டீக்கடையில் மினிபஸ் எப்போது என்று கேட்டார். மூன்றரைக்கு என்றார்கள்.

"மாமா, வேணாம்" என்றேன். நான் அவரைக் கேலி செய்தே பழகியவன். அன்று எனக்குப் பயமாக இருந்தது. காலை ஐந்து மணியிலிருந்து மிதித்த உடம்பு, வயிறு நிறையச் சாப்பாடு.

"சைக்கிள வுட்டுட்டு வா" என்றார்.

டீக்கடைக்காரரிடம் இரண்டு சைக்கிளையும் ஒப்படைத்தோம். மினிபஸ் பன்னிரண்டு நிமிடம் பிந்தி வந்தது. அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தார். இரண்டாவது கிலோமீட்டரில் ஆரம்பித்தது. ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டு, ரத்தினம்மாளின் சாம்பார், அய்யம்பேட்டைப் பணியாரம், எல்லாம் போயிற்று. அப்புறம் எதுவும் மிச்சமில்லாமல் வெறும் பித்தநீர். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது.

"யோவ் பெருசு, ஒத்துக்கலைன்னா எதுக்குய்யா ஏறுன? வண்டியெல்லாம் நாறுது" என்று கண்டக்டர் பையன் கத்தினான். எனக்கு ரத்தம் கொதித்தது. இவர் யார் தெரியுமாடா என்று எழுந்தேன். மாமா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "தப்பு என்னுதுதாம்பா, மன்னிச்சுக்க" என்றார் அவனிடம். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, நிறுத்தட்டுமா, இறங்கி முகம் கழுவிக்கொள்கிறீர்களா என்று கேட்டார். மாமா தலையைத் தூக்க முடியாமல் கையை மட்டும் ஆட்டினார்.

"நிறுத்தாதீங்க. ஏற்கெனவே பன்னண்டு நிமிஷம் லேட்டு."

அந்த நேரத்தில் அந்த மனிதரைப் பார்த்து எனக்கு வந்தது என்னவென்று இப்போது சொல்லிவிடுகிறேன். பிரமிப்பு. இத்தனை வருடம் இவரை நான் ஒரு நகைச்சுவைத் துணுக்காகவே வைத்திருந்தேன் என்று நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

பல்கலைக்கழக வாசலில் இறங்கியபோது நாலு இருபது. நடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இப்படியே உள்ளே போனால் வாணியின் மானம் போய்விடும் என்று குழாயடியில் நின்று சட்டையைக் கழற்றி அலசி, பிழிந்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டார். அதில் மூன்று நிமிடம் போயிற்று. அரங்க வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இவர் கோலத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே நுழைந்தோம். மேடையில் வாணி. மாம்பழ நிறப் பட்டுப் புடவையில், பக்கத்தில் வயலின், மிருதங்கம். எங்கள் வீட்டுப் பெண்ணா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவள் கை கூப்பி, மங்களம் பாட ஆரம்பித்திருந்தாள். கச்சேரி முடிந்தது என்று அர்த்தம். மங்களம் பாடிவிட்டால் அதற்கு மேல் பாட மாட்டார்கள்.

ஒரு நிமிடமோ ஒன்றரை நிமிடமோ. கடைசி வரிசைக்குப் பின்னால் சுவரில் சாய்ந்தபடி மாமா அதைக் கேட்டார். கொல்லைப்புறத்து முணுமுணுப்பு இவ்வளவு பெரிய குரலாக ஆகியிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அந்தக் குரல் அந்தக் கூடத்தின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்து நின்றது. மாமாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. வெள்ளாற்றைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தார். கைதட்டல் எழுந்தது. அவர் தட்டவில்லை. தட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

வாணி இறங்கி ஓடி வந்தாள். சந்தோஷத்தில் முகமெல்லாம் சிரிப்பு. கிட்டே வந்ததும் ஈரச் சட்டையைப் பார்த்தாள், வெளுத்த முகத்தைப் பார்த்தாள், வாடை வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றுவிட்டது.

"பஸ்லயாப்பா வந்த?"

"கொஞ்ச தூரந்தாம்மா. கிள்ளையிலேர்ந்துதான்" என்றார், திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி. "பாட்டு... கடைசிதான் கெடச்சுது. நான் போட்ட டைம் தப்பாயிடுச்சு."

அவள் அவருடைய கையை எடுத்துத் தன் கண்ணில் வைத்துக்கொண்டாள். மை கலைந்தது.

அன்று தெற்கு வீதியில் லாட்ஜில் தங்கினோம். மறுநாள் காலை கிள்ளைக்குப் போய் சைக்கிளை எடுக்க வேண்டும். நானும் அக்காவும் மினிபஸ்ஸில் போவதாக இருந்தோம். மாமா, "நீங்க போங்க, நான் நடந்து வர்றேன்" என்று விடியற்காலையே கிளம்பிவிட்டார். நேற்றைக்கு உடம்பில் இருந்தது எல்லாம் போயிருந்தது, இன்னொரு தடவை பஸ் ஏற அவரால் ஆகாது. ஹாஸ்டலிலிருந்து வாணியும் வந்து அவரோடு சேர்ந்துகொண்டாள். பதின்மூன்று கிலோமீட்டர்.

எங்கள் வண்டி பாதி வழி போனபோது அவர்களைப் பிடித்தோம். இரண்டு பக்கமும் வயல். ரோட்டோரம் அப்பாவும் மகளும் நடந்துகொண்டிருந்தார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாணி செருப்பைக் கழற்றி இடது கையில் பிடித்திருந்தாள், வலது கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இஞ்சின் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நேற்று மேடையில் பாடியதை அவருக்காக முதல் உருப்படியிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும்.